உள்பக்கத்துக் கொளுக்கி

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எங்கே போய்க் கேட்டாலும் இதுதான் வழக்கம். பெண் பிறந்த நாளிலிருந்து வாப்பாமார் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். பெற்றோர் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளைக்கு வீடு கட்டுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவன் எப்படியும் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விடுவான்.

நான் மூத்தவள். நான் பிறந்த வருடமே வாப்பா ரோட்டுப் பக்கமாக எனக்கென்று அத்திவாரம் போட்டாராம். நான் எழுந்து நடக்கத் தொடங்கிய வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. அத்திவாரம் அப்படியே கிடந்தது. அதில் கோழி மேய்ந்தது, உம்மா கொச்சிக்காய் காயப்போட்டார். பிறகு தங்கச்சி பிறந்தாள். ஒரு போகம் வெட்டி முடித்த கையோடு வாப்பா அதே அத்திவாரத்தின் மேல் அவளுக்காகச் சுவர் எழுப்பினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கலியாணம் முடிக்காத பெண்ணுக்கு வீடு எதற்கு?

என்னை ஊரில் 'ஏலாத புள்ள' என்பார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, காய்ச்சல் வந்து படுத்தவனையும் ஏலாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவனுக்கு இரண்டு நாளில் ஏலும். எனக்கு ஏலாது என்று ஒருதரம் சொன்னது சொன்னதுதான். தலை சீவ ஏலாது, தேத்தண்ணி ஊற்ற ஏலாது, கதைக்கக்கூட ஏலாது என்று நினைத்தார்கள் போலும். வீட்டுக்கு வருபவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உம்மாவிடம் கேட்பார்கள், "இவ சாப்பிட்டாவா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறேன்? என்னிடம் கேட்டால் என்ன?

இதைவிட என்னை அறுத்த விஷயம் வேறொன்று. எங்கள் ஊரில் ஸலாம் சொல்லாமல் இன்னொருவர் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். வெளியே நின்று ஸலாம் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு தரம், பிறகு மூன்றாவது தரம். அதற்கும் பதில் இல்லையென்றால் மனம் கோணாமல் திரும்பிப் போக வேண்டும். ஓதப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நான் ஹாலின் மூலையில் பன்பாயில் இருப்பேன். ஸலாம் உம்மாவுக்கு வரும், வாப்பாவுக்கு வரும், பிறகு வளர்ந்த தங்கச்சிக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. ஏனென்றால் எனக்கு வாசல் இல்லை. என் பாய்க்குக் கிட்ட யாரும் வரலாம், என் போர்வையை இழுக்கலாம், என் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். எனக்கு வேண்டியது ஒரு கதவு. அதற்கு வெளியே ஓர் ஆள் நின்று ஸலாம் சொல்லி, நான் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். என் வயதுப் பெண்கள் மாப்பிள்ளையை நினைத்துக் கிடந்த காலத்தில் நான் கதவை நினைத்துக் கிடந்தேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி வந்தபோதுதான் அந்தக் கதவு எதுவென்று எனக்குத் தெரிந்தது. காற்று கூரை ஓட்டைப் பிய்த்து எறியத் தொடங்கியதும் வாப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வளவின் பின்பக்கம் ஓடினார். அங்கே நெல் மூட்டை அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. கல்லுச் சுவர், மேலே கொங்கிறீட், முன்னால் பாலை மரக் கதவு. நால்வரும் மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கிடந்தோம். உம்மா அழுது அழுது ஓதினார். வெளியே தென்னைகள் முறிந்து விழுகிற சத்தம். அந்தக் கதவு மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆசையை வெளியே சொல்லியிருந்தால் உம்மா என்னை அறைந்திருப்பார்.

சூறாவளிக்குப் பிறகு உதவி செய்யவென்று எத்தனையோ பேர் வந்தார்கள். தகரம் தந்தார்கள், பருப்புத் தந்தார்கள். அவர்களோடு ஒரு வேனில் மட்டக்களப்பிலிருந்து ஒரு தமிழ் அக்கா வந்தார். அவரும் நடக்க ஏலாதவர், சக்கர நாற்காலியில்தான் வந்தார். எங்கள் வாசலில் அவரை இறக்கினார்கள். ஸலாம் சொல்லிவிட்டு, உம்மாவைத் தாண்டி நேரே என்னைப் பார்த்துக் கேட்டார், "தங்கச்சி, உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?" எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

எங்களைப் போன்ற பெண்கள் வந்து தங்கி, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கப் பழகுகிற வீடு ஒன்றை அங்கே தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன பெயர்தான் எல்லாவற்றையும் குழப்பியது. "தனித்து வாழும் பயிற்சி" என்றார். எங்கள் பேச்சில் தனிச்சுப் போனவள் என்றால் புருஷன் விட்டுப்போனவள், சொந்தபந்தம் கைகழுவியவள். உம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"தனிச்சுப் போறதுக்கு ஒரு படிப்பாகா? எங்கட ஊர்ல அதப் படிக்காமலே போறாங்க!"

அக்கா சிரித்துவிட்டார். "தனியா இல்ல உம்மா, தானா. தன்ட வேலையத் தானாச் செய்யிறது."

"தானாச் செய்யிறதெண்டா? அப்ப நான் என்னத்துக்கு இரிக்கன்? என்ட கையும் காலும் நல்லாத்தானே இரிக்கி?"

வாப்பா வயல்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரு கேள்விதான் கேட்டார். "திரும்ப ஒரு சூறாவளி வந்து, ஊட்டுல நான் இல்லாட்டி, இவ தானா வெளிய வரப் பழக்குவீங்களா?"

"பழக்குவம்."

"அப்ப போகட்டும்."

நோன்புப் பெருநாள் முடிந்து போனேன். நான் வேனில் ஏறும்போது உம்மா என் கையில் ஒரு போத்தல் மாசிச் சம்பலைத் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் விழுவது. ஆமாம், விழுவதுதான். காலுக்கு இரும்பும் தோலும் சேர்த்துக் கட்டி, இரண்டு கக்கத் தடியைத் தந்து, மெத்தையின் மேல் நிற்கவைத்து, "இப்ப விழுங்க" என்றார் அக்கா. விழும்போது தடியைத் தூர எறிய வேண்டும். கையை விறைப்பாக ஊன்றக் கூடாது. விழுந்த பிறகு அழக் கூடாது, முதலில் தடி எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை இழுத்து, குப்புறத் திரும்பி, சுவரையோ கதிரையையோ பிடித்து எழும்ப வேண்டும். "ஆரும் உங்களத் தூக்க மாட்டம்" என்றார். என்ன கல்நெஞ்சுக்காரி இவள் என்று உம்மாவின் பேச்சில் மனதுக்குள் திட்டினேன். உடம்பெல்லாம் கன்றிப்போனது. ஒரு நாள் பின்னேரம், விழுந்த இடத்திலிருந்து நான் தானாக எழும்பி நின்றுவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. அக்கா, "சரி, வாங்க தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அந்தத் தேத்தண்ணியை நானே ஊற்றினேன். சீனி கூடிவிட்டது. கூடட்டுமே, நான் போட்ட சீனி.

என்னோடு ஒரே அறையில் தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கண் தெரியாதவள். என்னைவிட வாய்க்காரி. எண்ணெய் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே கடுகு போட வேண்டிய நேரத்தைச் சொல்லுவாள். காலையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள், "இண்டைக்கு என்ன சமைப்பம்?" அதுவரை அந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதல் நாள் எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அவள் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அழாத, வெங்காயம் இன்னும் வெட்டல்ல" என்றாள்.

ஆனாலும் பொழுது சாய்ந்து மஃரிப் நேரமானால் எனக்கு உம்மா வேண்டும். அந்த நேரத்தில்தான் உம்மா என் தலையை மடியில் வைத்துச் சீவி விடுவார். தானாகச் சீவப் பழகிவிட்டேன், உச்சியும் நேராக வந்தது. என்றாலும் சீப்பைக் கையில் எடுத்தால் ஊர்ப் பக்கம் திரும்பி இருந்துகொள்வேன். ஏலும் என்பது வேறு, வேணும் என்பது வேறு. அந்த வீட்டில் எனக்குச் சொல்லித்தராத பாடம் இது ஒன்றுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வந்தேன். வேனிலிருந்து தடியூன்றி நானே இறங்கினேன். வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார், சால்வையால் முகத்தைத் துடைத்தார். தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வீடு அவளுக்கு. உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டு அங்கே போவதாகவும், என் பாயும் அவர்களோடு அங்கே போவதாகவும் ஏற்பாடு. நான் வாப்பாவிடம் கேட்டேன், "எனக்கு நெல் அறையத் தாங்க வாப்பா."

உம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "மூட்டை அடுக்கிற இடத்தில புள்ளைய அடுக்கவா?"

மூன்றாம் நாள் வாப்பா மூட்டைகளைத் தங்கச்சியின் வீட்டு விறாந்தைக்கு மாற்றினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். மூலையில் அடுப்புக்கல் வைத்து, புகை போக ஓர் ஓட்டை போட்டுத் தந்தார். மர வேலைக்கார ஓடாவி வந்து கதவைச் சரி பார்த்தபோது நான் சொன்னேன், "கொளுக்கி உள்பக்கம் வேணும். என்ட கைக்கு எட்டுற உயரத்தில."

அதில்தான் சண்டை வெடித்தது. அந்த அறைக்கு வெளியேதான் பூட்டு உண்டு. நெல்லுக்கு உள்ளே எதற்குக் கொளுக்கி?

"உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு நீ உழுந்து கிடந்தா நான் எப்பிடிகா வாற?" உம்மா கத்தினார். "சுவர உடைக்கவா?"

"உழுந்தா எழும்புவன் உம்மா. அதத்தானே படிச்சிட்டு வந்திரிக்கன்."

"பெரிய படிப்பு!"

ஓடாவி உம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கடைசியில் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தலையை ஆட்டினார். கொளுக்கி உள்பக்கமே ஏறியது.

நான் அறைக்குப் போன நாளிலிருந்து உம்மாவுக்கு முருங்கை மரத்தடியில் வேலை. அந்த மரம் என் கதவுக்கு நேரே நின்றது. உம்மா காலையில் சுளகோடு வந்து இருப்பார். கீரை ஆய்வார், அரிசி புடைப்பார், ஒன்றும் இல்லையென்றால் ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்வார். நான் உள்ளே ஒரு மூடியைக் கீழே போட்டால் போதும், "என்னகா? என்ன சத்தம்?" என்று குரல் வரும். "ஒண்டுமில்ல உம்மா, மூடி!" என்று நானும் கத்துவேன்.

ஊர் வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. உம்மா யாரிடமோ அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார், தனிச்சு வாழுற படிப்பு என்று. போதாதா? தங்கச்சிக்குக் கலியாணம் வைத்துக்கொண்டு ஏலாத புள்ளையைத் தனிச்சு விட்டுவிட்டார்கள் என்று கதை பரவியது. பக்கத்து வீட்டு மாமி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பீங்கான் சோறு கொண்டுவந்தார். மேலே ஊற்றிய ஆணம், ஒரு மீன் பொரியல், துணியால் மூடியிருந்தது. முன்வீட்டு ராத்தா இன்னொன்று. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று. கொளுக்கி போடாத நேரங்களில் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்தார்கள். ஸலாம் இல்லை, பேச்சு இல்லை. அநாதைக்குக் கொடுக்கிற நன்மையில் ஸலாம் மறந்து போய்விடும் போல.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. நான் அரிசி கழுவி உலையில் போடப் போகும்போது பீங்கான் வரும். போட்ட பிறகும் வரும். என் அடுப்பு பற்ற வேண்டிய தேவையே வரவில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஊரில் வாய் வராது. சாப்பிட்டேன். ஆனால் பீங்கானை என்ன செய்வது? வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக் கேடு. ஒரு பிடி சீனியாவது, இரண்டு மாம்பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஏலாத புள்ளையிடமிருந்து யார் எதை எதிர்பார்ப்பார்கள்? அவர்கள் பீங்கானைக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. கழுவிக் கழுவிச் சுவரோரம் அடுக்கினேன். அடுக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் மாமி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார், "மனே, ஊட்டுக்கு மாப்பிள்ளை வாறார். சோறு வெக்கப் பீங்கான் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி போனதும் கொளுக்கியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்குத் தேங்காய் திருவி, மா குழைத்து, ரொட்டி சுட்டேன். ஒவ்வொரு பீங்கானிலும் ரொட்டி வைத்து, கட்டச் சம்பல் வைத்து, துணி போட்டு மூடினேன். இரும்பைக் காலில் கட்டிக்கொண்டேன். ஒரு கூடையைக் கழுத்தில் மாட்டினேன். அதில் ஒவ்வொரு பீங்கானாக வைத்து, தடியூன்றி வீடு வீடாகப் போனேன். வேலியோரம் நின்று ஸலாம் சொன்னேன். மாமி வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பீங்கானை வாங்கி, துணியைத் தூக்கிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இது நீயா சுட்ட?" என்றார். "உள்ளுக்கு வா, இரி." அதற்கு முன் என்னை அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வா என்று யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் பீங்கான் வந்தது. ஆனால் முதலில் ஸலாம் வந்தது, பிறகுதான் பீங்கான் வந்தது. இது கொடுத்து வாங்குகிற பீங்கான், சோறு இல்லாதவளுக்கு வருகிற பீங்கான் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் துணியைத் தூக்கும்போதே தெரியும்.

உம்மா மட்டும் மாறவில்லை. ஸலாமும் இல்லை, கூப்பிடலும் இல்லை, கதவு திறந்திருந்தால் நேரே உள்ளே. என் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார், உப்பு குறைவு என்பார், நான் மடித்த உடுப்பைத் திரும்ப மடிப்பார். பெற்றவளுக்கு என்ன ஸலாம் என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளுக்குள் ஏக்கம் இருந்தது. ஊரே என் கதவில் நிற்கிறது, என் உம்மா நிற்கக் கூடாதா?

அப்போதுதான் அது நடந்தது. தண்ணீர்ப் பானையடியில் ஈரம் இருந்திருக்கிறது. தடி வழுக்கி, நான் முழுசாக விழுந்தேன். பானையும் உடைந்தது. முருங்கையடியிலிருந்து உம்மா ஓடிவந்து கதவில் மோதினார். கொளுக்கி போட்டிருந்தது.

"மனே! திற! திறகா! அல்லாஹ்வே, என்ட புள்ள!"

"உம்மா, எனக்கு ஒண்டுமில்ல. நான் எழும்புறன். பொறுங்க."

"எப்பிடி எழும்புற? உன்னால ஏலாது! வாப்பாவக் கூப்பிடுறன், கதவ உடைக்கட்டும்!"

"உடைக்க வேணாம். பொறுங்க உம்மா, பொறுங்க!"

தடி எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். இழுத்தேன். குப்புறத் திரும்பினேன். பானை ஓட்டுத் துண்டொன்று முழங்கையில் ஏறியது. வெளியே உம்மா அழுதுகொண்டே ஓதினார். அவர் கதவில் நெற்றியை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், குரல் மரத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. நான் கதிரையைப் பிடித்து எழும்பி நின்று, கொளுக்கியைத் தட்டினேன். கதவு திறந்தது. உம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். முழங்கை இரத்தத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். பிறகு அந்தக் கையைத் தானே இழுத்துக்கொண்டார்.

"எழும்பிட்டாய்" என்றார். "அப்ப எனக்கு இனி என்ன வேல?"

சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு முருங்கையடி வெறுமையாகக் கிடந்தது.

ஒரே வளவுதான். அவர் குசினிப் புகை எனக்குத் தெரியும், இருமல் கேட்கும். ஆனால் வரமாட்டார். ஆணம் வைத்தால் தங்கச்சியிடம் கொடுத்தனுப்புவார். நான் போனால், "வா, இரி" என்பார், அவ்வளவுதான். என் தலையைத் தொடமாட்டார். நான் கேட்ட கதவு கிடைத்துவிட்டது, அதற்கு விலையாக உம்மா போய்விட்டாரோ என்று பயந்தேன். கொளுக்கியைக் கழற்றி எறிந்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன். எறியவில்லை. எறிந்தால் நான் திரும்பவும் மூலைப் பாய்க்குத்தான் போக வேண்டும்.

மனம் ஆறாமல் ஒரு நாள் பஸ் ஏறினேன். அக்கரைப்பற்றில் இறங்கி மாறி, தம்பிலுவிலுக்குப் போனேன். அந்தக் கண் தெரியாத சினேகிதியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் முற்றத்து நிழலில் கதிரையில் இருந்தாள். அவளுடைய அம்மா சோற்றைக் குழைத்து உருண்டையாக அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்காரி, கடுகுச் சத்தம் கேட்டுச் சமைத்தவள், வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். "நெருப்புக்கிட்ட விடமாட்டம் புள்ள" என்றார் அவள் அம்மா என்னிடம். "பத்திப் போட்டா? நாங்க இரிக்கம்தானே, அவளுக்கு என்ன குறை?" அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள், "உன்ட கதவுல கொளுக்கி எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்" என்றேன்.

அவள் சிரித்தாள். கையை விடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. அவளுக்கு அடுப்பு இல்லை, அம்மாவின் விரல் வாய்க்குள் இருக்கிறது. எனக்கு அடுப்பு இருக்கிறது. ஏன் இரண்டும் ஒருத்திக்குக் கிடைக்கக் கூடாது? எனக்கு இரண்டும் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இரண்டும் வேண்டும்.

தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன், "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவ என்ட ஊட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. விருந்துக்கு."

அவள் போய்விட்டு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், "உம்மா கேக்காவு ராத்தா, என்ட வளவுக்குள்ள நான் விருந்தாளியா எண்டு."

"ஓம் எண்டு சொல்லு."

வெள்ளிக்கிழமை கோழி ஆணம் வைத்தேன். நெய்ச் சோறு. அறையில் இருந்த ஒரே கதிரையைக் கழுவித் துடைத்துப் போட்டேன். கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, பாயில் இருந்தேன். வருவாரா, வரமாட்டாரா? வந்தால் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடுவாரா? ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வருகிற சத்தம் கேட்டது. அதுவும் அடங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

யாரோ அயல்வீட்டுக்காரர் என்று நினைத்தேன். அந்தக் குரலில் அந்தச் சொல்லை என் வாசலில் நான் கேட்டதே இல்லை, பிறகு எப்படித் தெரியும்?

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இப்போது தெரிந்தது. பதில் சொல்லவும் மறந்து எழும்பப் பார்த்தேன். தடியை எடுக்கப் போனேன், கை தட்டி அது உருண்டு தள்ளிப் போனது. மூன்றாவது ஸலாமுக்கும் பதில் இல்லையென்றால் உம்மா போய்விடுவார். அவர் முறை தவறாதவர், கட்டாயம் போய்விடுவார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் உம்மா, மெல்ல. "ஊட்டுக்காரி இரிக்காவா?"

"வஅலைக்கும் ஸலாம்!" நான் கத்திய கத்தலில் முருங்கையில் இருந்த காகம் பறந்தது. "இரிக்கன் உம்மா! வாறன்! போயிராதீங்க!"

"போகல்ல. நீ மெல்ல வா. நான் நிக்கிறன்."

நின்றார். நான் தடியை இழுத்து, எழும்பி, நடந்து போய்க் கொளுக்கியைத் தட்டும்வரை என் உம்மா வெயிலில் நின்றார். நல்ல சாரி உடுத்து, பெருநாள் முக்காடு போட்டிருந்தார். கையில் நீலக்கரைப் பீங்கான், துணியால் மூடி, விருந்துக்குப் போகிறவர்கள் கொண்டுபோவது போல. "வாங்க உம்மா, இரிங்க" என்றேன். கதிரையில் இருந்தார். சட்டி மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நான் வைத்ததைச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை, உண்மையில் உப்புக் கூடித்தான் இருந்தது. பாதியில் ஒரு பிடி சோற்றை உருட்டி, என் முகத்தைப் பார்த்து, "தரட்டா?" என்று கேட்டார். கேட்டுத் தந்த சோறு அது. நான் வாயைத் திறந்தேன்.

சாப்பிட்டு முடிந்து போகும்போது கதவடியில் திரும்பினார். "என்ட பீங்கான வெறுமையா அனுப்பிராத" என்றார், பழைய அதட்டலோடு.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்த நீலக்கரைப் பீங்கான் போய்வந்துகொண்டே இருந்தது. மஃரிப் நேரம் வாசலில் ஸலாம் சொல்லி உள்ளே வந்து, என் தலையைச் சீவிவிட்டுப் போவார். எனக்குச் சீவ ஏலும் என்று அவருக்குத் தெரியும். கலவர நாட்களில், ரோட்டில் பஸ் ஓடாமல் ஊர் அடங்கிக் கிடந்தபோது, வாப்பாவும் உம்மாவும் என் அறையில் வந்துதான் இருந்தார்கள். கல்லுச் சுவர், பாலைக் கதவு. நானே கொளுக்கியைப் போட்டேன்.

எண்பதுகள் முடிகிற சமயம் ஒரு பின்னேரம் உம்மா ரொட்டியும் சூடைமீன் ஆணமும் அந்தப் பீங்கானில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நெஞ்சு கரிக்கிறது என்றார், தேத்தண்ணி வேண்டாம் என்றார். மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுத பாயிலேயே சரிந்துவிட்டார். நான் தானாக நடந்து போய் அவர் முகத்தைப் பார்த்தேன். யாரும் என்னைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கியிருந்தால் நல்லது என்று அன்றைக்கு மட்டும் நினைத்தேன்.

உம்மாவுக்கு நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகு தங்கச்சி உம்மாவின் சாமான்களை ஒழுங்குபடுத்தினாள். என் வாசலில் நின்று ஸலாம் சொன்னாள்.

"உம்மாட நீலக்கரைப் பீங்கான் உன்னட்டயா ராத்தா இரிக்கி? மத்த ரெண்டும் அங்க இரிக்கி. தாவன், ஒண்டா அடுக்கி வெப்பம்."

அது சுவரோரம் கழுவித் துடைத்து வைத்தபடி இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். நீட்டப் போனேன். நீட்டவில்லை.

"வெறும் பீங்கான எப்பிடிகா குடுக்கிற?" என்றேன்.